மூன்றாம் அடுக்கில் மிதுனா

மிதுனாவின் நஞ்சுக்கொடி என் ஆய்வகத்தில், இன்குபேட்டரின் மூன்றாம் அடுக்கில் இருந்தது. மிதுனா பக்கத்துக் கட்டடத்தில், சாயக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். சட்டப்படி இரண்டும் ஒன்றுதான். அடுக்கில் இருப்பது தாங்கினால் கூடத்தில் நிற்பவளும் தாங்குவாள்.

இந்தச் சட்டத்தை எழுதினவன் என் கையில் கிடைத்தால் நாலு கேள்வி நறுக்கென்று கேட்பேன் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அவன் எங்கே கிடைக்கப் போகிறான். அவன் வீட்டுப் பெண்கள் சாயக்கூடத்துப் பக்கம் வர மாட்டார்கள்.

முன்பெல்லாம் காற்றுக்கு ஒரு அளவு இருந்தது. கூடத்தின் காற்றில் இன்ன ஆவி இவ்வளவுக்கு மேல் போனால் கூடத்தை மூட வேண்டும், கர்ப்பிணி என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும் என்று இருந்தது. பிறகு கொடிச்சில்லு வந்தது, தாயின் நஞ்சுக்கொடிச் செல்களை ஒரு சின்னத் துண்டில் வளர்த்துச் சோதிக்கிற கருவி. காற்றுக்கு இருந்த அளவை எடுத்துவிட்டு உடம்புக்கு அளவு வைத்தார்கள். ஒவ்வொரு தாய்க்கும் தடுப்பு ஒவ்வொரு மாதிரி, பலமான தடுப்பு உள்ளவளை எதற்காக வீட்டில் உட்கார வைத்துச் சம்பளத்தைக் கெடுக்க வேண்டும் என்று பேசினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பெண்களுக்கும் பிடித்திருந்தது.

நான் கிருபாவதி. ஊர் நாசரேத் பக்கம். செல் உயிரியல் படித்து, ஆராய்ச்சிப் பட்டம் என்று பாதி வயதைத் தொலைத்துவிட்டு, இந்தக் கொங்கு நாட்டுச் சாயப் பேட்டையில் சில்லு ஆய்வகத்துக்குப் பொறுப்பாளராக வந்து சேர்ந்தவள். ஆய்வகம் கம்பெனியுடையது, நான் போடும் முத்திரை அரசாங்கத்துடையது. இரண்டு எஜமானர்கள் இருந்தால் இரண்டு பக்கமும் திட்டு வாங்கலாம் என்பது தெரிந்துதான் சேர்ந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். அதை நான் மறுத்ததில்லை.

மிதுனா முதல் தடவை வந்தபோது அவளுக்கு நாலாம் மாதம் பிறந்திருந்தது. ஊசியால் அவள் நஞ்சுக்கொடியிலிருந்து துளி சதை முன்பே எடுத்துப்போய் வளர்த்து வைத்திருந்தோம். கட்டைவிரல் நகம் அகலத்தில், கண்ணாடி மாதிரி ஒரு துண்டு. அதற்குள் மயிரிழை போல இரண்டு வாய்க்கால். அவள் கண்ணாடிக் கதவில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு பார்த்தாள்.

“இதுக்குள்ளயாங்க மேடம் எம்பட புள்ள இருக்குது?”

“பிள்ளை உன் வயித்துல இருக்குட்டி. இது பிள்ளைக்கும் உனக்கும் நடுவுல இருக்க திரை. உன் உடம்புல என்ன ஓடுனாலும் அது இந்தத் திரையைத் தாண்டித்தான் பிள்ளைகிட்ட போணும். இந்தா, இந்த வாய்க்கால்ல ஓடுதது உன் ரத்தம் மாதிரி. அந்தால ஓடுதது பிள்ளை ரத்தம் மாதிரி. நீ கூடத்துல மூச்சுல இழுக்கியே பழவாசம், அதை உன் பக்கத்துல கலந்து விடுவோம். அந்தப் பக்கம் கசியுதான்னு பாப்போம்.”

சாயம் நூலில் ஒட்டிக்கொள்வதற்காக ஒரு திரவம் சேர்க்கிறார்கள். அதன் ஆவி கனிந்து போன வாழைப்பழம் மாதிரி மணக்கும். பேட்டை முழுக்க அதற்குப் பழவாசம் என்றுதான் பெயர். தலை முதல் கால் வரை மூடும் பாதுகாப்புச் சூட்டும் முகமூடியும் மாட்டித்தான் கூடத்துக்குள் போவார்கள். முகமூடி பாதியைத் தடுக்கும், மீதி உள்ளே போகும்.

“கசியலீன்னா?”

“பச்சை அட்டை. பிரசவம் வரைக்கும் வேலைக்குப் போலாம்.”

“கசிஞ்சுதுன்னா?”

“சிவப்பு. வீட்டுக்குப் போணும்.”

“எந்த வீட்டுக்குங்க மேடம்?” என்று கேட்டாள். எடக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவளும் புருஷன் நவநீதனும் ஜோடி ஒப்பந்தத்தில் வந்தவர்கள். அவள் சாயத்தில், அவன் பேக்கிங்கில். இரண்டு பேரும் வேலையில் இருந்தால்தான் கம்பெனி வீடு. ஒருவர் நின்றால் இருவரும் சாமான்களைக் கட்ட வேண்டியதுதான். அவள் மாமியாரும் அந்த ஒற்றை அறை வீட்டில்தான் இருந்தாள்.

மிதுனாவின் சில்லு தாங்கியது. வாரம் ஒருமுறை அளவெடுத்தேன், வாரம் தவறாமல் பச்சை. அவள் அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி நடந்து போவாள்.

அந்தச் சமயத்தில்தான் சௌமியாவின் குழந்தையை நான் பார்த்தேன். சௌமியாவும் பச்சை அட்டைக்காரி, பிரசவம் வரைக்கும் கூடத்தில் நின்றவள். கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குழந்தைக் காப்பகத்தில் பையனை விட்டிருந்தாள். தவழ வேண்டிய வயது, தலையே நிற்கவில்லை. நான் குனிந்து ஒரு கிலுகிலுப்பையை ஆட்டினேன். குழந்தையின் கண் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது.

“டாக்டர் என்ன சொல்லுதாரு?” என்று கேட்டேன்.

“சொந்தத்துல கல்யாணம் பண்ணுனா இப்படி ஆகுமுங்கறாருங்க.”

“நீ சொந்தத்துலயா பண்ண?”

“இல்லீங்களே” என்றாள் சௌமியா.

ஆய்வகத்துக்கு வந்து அவளுடைய பழைய அளவுகளை ஒன்றுவிடாமல் எடுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு கசிந்ததாக இல்லை. காப்பகத்தில் அவள் பையனைப் போல இன்னும் சில குழந்தைகள் இருந்தன, எல்லாரும் பச்சை அட்டைக் குழந்தைகள். என் சில்லு பொய் சொல்லாது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு இழையும் என் கண் முன்னால் வளர்ந்தது. பிறகு எங்கேதான் ஓட்டை என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். சோறு இறங்கவில்லை. யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. வளைகாப்பு முடிந்த பெண் இரண்டு கண்ணாடி வளையலைக் கொண்டுவந்து தன் சில்லு இருக்கிற இன்குபேட்டரில் மாட்டிவிட்டுப் போவாள். திரைக்கும் காப்புப் போட வேண்டுமாம். முதலில் நான் சத்தம் போட்டேன், ஆய்வகத்தில் கண்ணாடி உடைந்தால் யார் பொறுக்குவது என்று. கேட்கவில்லை. கடைசியில் நானே கதவுக்கு வெளியே கொக்கி அடித்துக் கொடுத்தேன். பச்சையும் சிவப்புமாக அது எப்போதும் கலகலவென்று தொங்கும்.

மிதுனாவும் ஏழாம் மாதத்தில் வந்தாள். முழங்கை வரைக்கும் வளையல், கன்னத்தில் சந்தனம், கையில் ஒரு தூக்கு. தூக்கில் புளிசாதமும் தேங்காய்சாதமும். வளையலை மாட்டிவிட்டுத் தூக்கை என் மேஜையில் வைத்தாள்.

“ஒரு வாய் எம்பட சில்லுக்கும் ஊட்டி உடுங்க மேடம்.”

“அதுக்கு உன் புளிச்சோறு வேண்டாம்ட்டி. அது ராப்பகலா சாப்ட்டுட்டே இருக்கு. சர்க்கரை, புரதம், இரும்புச் சத்து எல்லாம் குழாய்ல போய்ட்டே இருக்கும். உன்னைய விட நல்லாத் திங்கு.”

“அப்ப அதுக்குப் பசியே எடுக்காதுங்களா?”

“எடுக்காது.”

“குடுத்து வெச்சதுங்க” என்று சிரித்தாள்.

நானும் சிரித்துக்கொண்டே தூக்கைத் திறந்தேன். திறந்த கை அப்படியே நின்றுவிட்டது.

“ஏட்டி, நேத்து நீ எப்ப சாப்ட்ட?”

“சிப்டு முடிஞ்சு வந்துதானுங்க.”

“காலைல?”

அவள் வளையல்களை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டாள். பிறகு, இதென்ன கேள்வி என்பது போலச் சொன்னாள்.

“சூட் மாட்டுனா சிப்டு முடியற வரைக்கும் கழட்டக் கூடாதுங்க மேடம். கழட்டுனா மறுக்கா கழுவி, செக் பண்ணி, மாட்டி, அந்த நேரம் பூரா ஆப்சென்ட்டுதான். புள்ளத்தாச்சிக்கு ஒன்னுக்கு அடிக்கடி வருமில்லீங்க. அதனால தண்ணி குடிக்கறதில்லீங்க. தண்ணியில்லாம சோறு எப்படீங்க எறங்கும்? சாப்பிட்டாலும் உள்ள போனா கொமட்டும். சூட்டுக்குள்ள வாந்தி எடுத்தா அதுக்குள்ளயேதான நிக்கோணும்.”

“எல்லாரும் இப்படித்தானா?”

“எல்லாருந்தானுங்க. சௌமியாக்காதான் எனக்குச் சொல்லிக்குடுத்தாங்க. மொத நாள் ராத்திரி இருந்தே தண்ணியக் கொறச்சுக்கோ, பழகிப்போயிரும்னு.”

சில்லுக்கு ஊற்றுகிற திரவத்தின் கலவையை எங்கேயோ ஒரு குளிர் நாட்டில், மூன்று வேளை வயிறார உண்கிற தாய்மார்களின் ரத்தத்தை அளவாக வைத்து முடிவு செய்திருந்தார்கள். நாங்கள் அதை டப்பா டப்பாவாக வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தோம். மிதுனாவின் செல், மிதுனாவின் திரை, எல்லாம் சரி. அதற்குள் ஓடுகிற ரத்தம் மட்டும் அவளுடையது இல்லை. இது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

மறுநாள் சிப்டு முடிந்து வந்தவளை நேராக ஆய்வகத்துக்கு வரச் சொன்னேன். உதடு வெடித்திருந்தது. அவள் சம்மதத்தோடு ரத்தம் எடுத்து, தெளிந்த நீரைப் பிரித்தேன். ஒவ்வொருவருக்கும் உபரியாக ஒரு சில்லு வளர்த்து வைப்போம். அவளுடைய உபரிச் சில்லில் டப்பாத் திரவத்தை நிறுத்திவிட்டு, அவள் ரத்த நீரையே ஓட விட்டேன். கூடத்தில் இருக்கும் அதே அளவு பழவாசத்தைக் கலந்தேன்.

காலையில் வந்து பார்த்தபோது பிள்ளைப் பக்கத்து வாய்க்காலில் பழவாசம் இருந்தது. ஏதோ கொஞ்சம் என்று தள்ளிவிடுகிற அளவில்லை. நுண்ணோக்கியில் வைத்தேன். நெருக்கியடித்துக்கொண்டு நிற்க வேண்டிய செல்கள் விலகி விலகி நின்றன. அவற்றைச் சொல்லியும் குற்றமில்லை. பசியில் தன் உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பவள் பக்கத்தில் நிற்பவளின் கையை எத்தனை நேரம் பிடிப்பாள்.

மிதுனாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

“பிள்ளைக்குப் போகுதுட்டி. நீ நாளைல இருந்து கூடத்துக்குள்ள காலெடுத்து வைக்காத.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு கையும் வயிற்றுக்குப் போயின. “செவப்புங்களா மேடம்?”

“சட்டப்படி இன்னும் பச்சைதான். டப்பாத் தண்ணில ஓடுனாத்தான் சட்டம். ஆனா நான் சொல்லுதேன், போகாத. என் வீட்டுல வந்து இரு. ஒரு ரூம் சும்மாத்தான் கெடக்கு.”

“நா வந்தர்றனுங்க. எங்க வீட்டுக்காரரையும் அத்தையையும் எங்கீங்க கொண்டுபோய் உடறது?” கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், “நீங்க எழுதிக் குடுங்க மேடம். சூட்டையோ கூடத்தையோ ஏதோ ஒன்ன மாத்தச் சொல்லுங்க. எல்லாருக்குஞ் சேத்துத்தான் மாத்தோணும். அது வரைக்கும் நான் எப்படியோ ரெண்டு வாய் தின்னுக்கறனுங்க.”

எழுதினேன். கம்பெனி மருத்துவ அதிகாரி அமுதனிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல உயரம், நல்ல குரல், யார் போனாலும் காபி சொல்லுவார். என் அறிக்கையை ஒரு வரி விடாமல் படித்தார். பாதியில் நிமிர்ந்து, “பிரமாதமான வேலை மேடம்” என்றார். நான் நம்பினேன்.

“கூடத்தை மூடணும் சார். முடியாதுன்னா கர்ப்பிணிகளை வேற வேலைக்கு மாத்தணும். இன்னைக்கே.”

“பதறாதீங்க. நீங்க எழுதினதையே கேக்குறேன். அதே சில்லு, அதே பழவாசம். சத்தான திரவம் ஓடினா கசியலை. பட்டினி ரத்தம் ஓடினா கசியுது. அப்படித்தானே?”

“ஆமா.”

“அப்போ கசிவுக்குக் காரணம் பழவாசம் இல்லையே மேடம். பட்டினிதானே.”

காபி டம்ளரை அவர் மேலேயே ஊற்றிவிடலாமா என்று இருந்தது. “அவளுக சாப்பிடாம வாரது உங்க சூட்டாலதான் சார். ஒன்னுக்குப் போக விட மாட்டேங்கியோ, அதான் தண்ணி குடிக்காம வாராளுக.”

“சாப்பிடாதீங்கன்னு நாங்க யாருக்கும் சொல்லலையே. கேன்டீன் காலையிலேயே திறந்துதான் இருக்கு” என்றார். குரல் உயரவே இல்லை. “இது ரொம்ப முக்கியமான விஷயம். உடனே ஏதாவது செய்யணும்.”

செய்தார். அந்த வாரமே கேட்டில் அறிவிப்பு ஒட்டினார்கள். கர்ப்பிணித் தொழிலாளர்கள் முழு உணவு உண்ட பிறகே பணிக்கு வர வேண்டும். உண்ணாமல் வந்து சிசுவுக்குப் பாதிப்பு நேர்ந்தால் அது தாயின் அலட்சியமாகக் கருதப்பட்டு, குழந்தைப் பாதுகாப்புச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும். ஆய்வகத்தின் அண்மை ஆய்வு முடிவின் அடிப்படையில் என்று கடைசி வரியில் போட்டிருந்தார்கள். சூட்டைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

அறிவிப்புக்கு எதிரே சௌமியா பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பையனின் தலை அவள் தோளில் தொங்கியது. என்னைப் பார்த்ததும் வந்தாள்.

“அப்ப நாந்தானுங்களா மேடம்?”

“இல்லட்டி.”

“நான் சாப்பிடாம போனனுங்களே.”

“நீ இல்ல. நான் எழுதுனது அது இல்ல” என்றேன். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. பையனின் தலையை நிமிர்த்தி நிமிர்த்தி வைத்துக்கொண்டே போய்விட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

அழுதுவிட்டு, தொழிற்சாலை ஆய்வாளருக்குப் புகார் அனுப்பினேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் அனுப்பினேன். மிதுனா இன்னும் கூடத்துக்குள் போய்க்கொண்டிருந்தாள், எட்டாம் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. நாள் கடத்தினால் சௌமியாவின் பையனுக்குப் பக்கத்தில் இன்னொரு தொட்டில் போட வேண்டிவரும்.

ஆய்வாளர் ஷாகிதா பானு நேர்மையானவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அது உண்மைதான். தொலைபேசியிலேயே அரைமணி நேரம் கேள்வி கேட்டார். நீங்கள் உங்கள் பாட்டுக்கு எடுத்த ரத்தம், நீங்கள் மட்டும் பார்த்த சோதனை, அதை வைத்து நான் ஒரு கூடத்தை மூட முடியாது என்றார். நேரில் வந்து, தன் கண் முன்னால் மிதுனாவின் ரத்தம் எடுத்து, தன் முத்திரையோடு சோதனை நடக்க வேண்டும். சொந்த ரத்தத்தில் திரை கசிந்தால், அன்றைக்கே பச்சை அட்டைகளைச் செல்லாது என்று அறிவித்துக் கூடத்தைப் பூட்டுவதாகச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது.

அவர் வருகிற தேதி கம்பெனிக்கும் போனது. போகாமல் இருக்குமா, முறைப்படி அறிவித்துத்தான் வர வேண்டும். உடனே அமுதன் மிதுனாவுக்கு அந்த வாரம் முழுவதும் சம்பளத்தோடு ஓய்வு கொடுத்தார். அவள் கூடத்தில் இல்லை என்று கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். ஒரு வாரமாவது பழவாசம் இல்லாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்க எனக்குப் புத்தி போகவில்லை.

ஷாகிதா வந்த அன்று மிதுனா மாமியாரோடு வந்தாள். மாமியார் ராசாமணி கம்பீரமான மனுஷி. வந்ததும் வராததுமாக ஆய்வாளரிடம் ஆரம்பித்துவிட்டாள்.

“மருமகளப் பட்டினி போட்டுப் புள்ளையக் கெடுக்கறம்னு எங்களப் பத்தி நோட்டீசு ஒட்டிப்போட்டாங்க அம்மிணி. வளவுல அக்கம்பக்கத்துல தல காட்ட முடியல. நீங்களே பாருங்க, இவ பட்டினி கெடக்கற மூஞ்சியா? ஒரு வாரமா காலைல களி, கீர, முட்டை, மத்தியானம் ஆட்டுக்கால் சாறு. எங்கையாலதான் ஊட்டி உட்டேன்.”

அப்போதுதான் நான் மிதுனாவைச் சரியாகப் பார்த்தேன். உதடு ஆறியிருந்தது. கன்னத்தில் சதை தெரிந்தது. அமுதன் கொடுத்த ஓய்வு எதற்கு என்று புரிந்தது.

“மேடம், இந்த ரத்தம் வேண்டாம்” என்றேன் ஷாகிதாவிடம். “ஒரு வாரமா வீட்டுல இருந்து நல்லாச் சாப்ட்டுட்டு வந்துருக்கா. சிப்டு பாத்துட்டு வாரவ ரத்தத்தை எடுங்க. அதான் கணக்கு.”

ஷாகிதா என்னையும் பார்த்தார், அமுதனையும் பார்த்தார். பிறகு மிதுனாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பயப்படாம சொல்லும்மா. வேலைக்குப் போற நாள்லயும் இப்படிச் சாப்பிட்டுத்தான் போவியா?”

மிதுனா மாமியாரைப் பார்த்தாள். ராசாமணி நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள். அமுதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“தெனமும் சாப்பிட்டுத்தான் போவனுங்க.”

“ஏட்டி, எங்கிட்ட என்ன சொன்ன?” என்றேன்.

“உங்ககிட்ட வெளையாட்டுக்குச் சொன்னனுங்க மேடம்” என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஷாகிதா விடவில்லை. சிப்டில் இருந்த மற்ற கர்ப்பிணிகளையும் கூப்பிட்டு, ஒவ்வொருத்தியாகத் தனியே கேட்டார். எல்லாரும் சாப்பிட்டுத்தான் வந்தார்களாம். இட்லி சாப்பிட்டேன், சோளச்சோறு சாப்பிட்டேன், உப்புமா சாப்பிட்டேன் என்று ஒருத்தி பாக்கியில்லாமல் சொன்னார்கள். அவர்கள் ரத்தத்தையும் எடுங்கள் என்றேன். ஆனால் நோட்டீசுக்குப் பயந்து, ஆய்வாளர் வருகிறார் என்று அன்றைக்கு எல்லார் வீட்டிலும் ஊட்டித்தான் அனுப்பியிருந்தார்கள், அவர்கள் ரத்தத்தை எடுத்தும் பயனில்லை. எனக்கு அவர்கள் மேல் கோபம் வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பட்டினி என்று ஒப்புக்கொண்டால் பிள்ளையைக் கெடுத்தவள் என்று பெயர், போலீஸ் கேஸ் வேறு. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு எவள் வாயால் அதைச் சொல்ல முடியும். நோட்டீசு ஒட்டியவருக்கு இது முதலிலேயே தெரிந்திருக்கிறது.

மிதுனாவின் ரத்தம் எடுக்கப்பட்டது. நான்தான் எடுத்தேன். உபரிச் சில்லு தீர்ந்துவிட்டதால் மூன்றாம் அடுக்கில் இருந்த சில்லையே எடுத்து, அவள் ரத்த நீரை ஓட விட்டு, பழவாசத்தைக் கலந்தேன். ஷாகிதா இன்குபேட்டருக்கு அரக்கு முத்திரை வைத்தார். மறுநாள் எல்லார் முன்னாலும் முத்திரையை உடைத்து, பிள்ளைப் பக்கத்து வாய்க்காலில் அளவெடுத்தேன்.

ஒன்றும் கசியவில்லை. செல்கள் தோளோடு தோள் நெருக்கி, வரிசை கலையாமல் நின்றன. இவ்வளவு அழகான திரையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சாப்பாடு போட்டால் அந்தப் பெண்ணின் உடம்பு எதையும் தடுத்து நிறுத்தும், அப்படிப்பட்ட உடம்பு.

ராசாமணி கையெடுத்துக் கும்பிட்டாள். அமுதன் என்னைப் பார்த்து, வருத்தப்படுகிறவர் மாதிரி தலையை அசைத்தார். சாயக்கூடத்துப் பெண்கள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குள் ஒரு பெருமூச்சு ஓடியது. நான் மட்டும் அந்த அறையில் தோற்றவள் மாதிரி நின்றேன்.

போகும்போது ஷாகிதா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “நீங்க சொல்றது எனக்குப் புரியாம இல்லை டாக்டர். அந்தப் பொண்ணு பொய் சொல்றதும் தெரியுது. ஆனா நான் எழுதுறதுக்கு என் கையில இருக்கிறது இந்த அளவு ஒன்னுதான். அதை எடுத்தது நீங்க.”

“அடுத்த வாரம் சொல்லாம வாங்க. சிப்டு முடியுத நேரம் பாத்து வாங்க.”

“முடிஞ்ச புகார்ல மறுபடியும் வர முடியாது. புதுசா ஏதாவது நடந்தா வரலாம்” என்றார். புதிதாக நடப்பது என்றால் என்ன என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு காரில் ஏறிவிட்டார்.

அடுத்த நாள் காலை நான் சூட் மாட்டும் இடத்துக்குப் போய் நின்றேன். வரிசையில் மிதுனா நின்றிருந்தாள். ஆய்வாளர் கையெழுத்துப் போட்ட புது அட்டை கழுத்தில் தொங்கியது. என்னைப் பார்த்ததும் முகம் கொள்ளாத சிரிப்பு, அதில் கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் இருந்தது.

“கோவமுங்களா மேடம்?”

“கோவம் இல்லட்டி. சாப்ட்டியா?”

“இல்லீங்க. சூட் மாட்டோணுமில்லீங்க.”

அவள் கையைப் பிடித்து வரிசையை விட்டு வெளியே இழுத்தேன். பின்னால் நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன்.

“கேளு. நேத்து கசியலைன்னா, ரத்தம் எடுத்த அன்னைக்கு நீ சாப்ட்டுருந்த. இன்னைக்கு நீ பட்டினி. இன்னைக்கு உள்ள போனா போகும், பிள்ளைகிட்ட போகும். நான் உன் கால்ல வேணா விழுதேன். திரும்பி வீட்டுக்குப் போ.”

“ஐயோ, பெரிய வார்த்தையெல்லாம் பேசாதீங்க மேடம்” என்று என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உண்மையிலேயே அவள் என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தாள். “முன்னால நீங்க போகுதுன்னு சொன்னீங்கல்லீங்க, அப்ப இருந்து எனக்குத் தூக்கமே இல்லீங்க. புள்ள அசைஞ்சாலும் பயம், அசையலைன்னாலும் பயம். சூட் மாட்டும்போதெல்லாம் அழுதுட்டேதான் போவேன். நேத்துதானுங்க நல்லாத் தூங்குனேன். இனி எனக்கு ஒரு பயமும் இல்லீங்க.”

“மிதுனா...”

“நீங்கதான மேடம் டெஸ்ட் பண்ணுனீங்க. உங்க கையால வந்த பச்சைதானுங்க இது.”

அவள் முறை வந்துவிட்டது. இரண்டு பெண்கள் அவள் வயிற்றைச் சுற்றிச் சூட்டை இழுத்து மாட்டினார்கள். முகமூடியைப் போட்டுக்கொண்டு, எனக்குக் கையை ஆட்டிவிட்டு, அவள் உள்ளே போனாள்.